காற்றுக்கு ஓர் உடல்: துணியில் அசையும் மென்சிற்பம்

மென்சிற்பம் கற்க வருகிறவர்களிடம் துணியும் கத்தரிக்கோலும் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் முகத்தைத்தான் வெட்டுகிறார்கள். வட்டமாக இரண்டு கண், வளைவாக ஒரு வாய். வாய் மேலே வளைந்தால் மகிழ்ச்சி, கீழே வளைந்தால் சோகம். காற்றை ஏற்றியதும் அந்த முகம் விறைத்துக்கொண்டு, நாள் முழுக்க ஒரே உணர்ச்சியோடு நிற்கும். இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போகும் உருவங்களுக்கு முகமே கிடையாது. காற்று எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது, எவ்வளவு தாமதித்து வெளியே வருகிறது, துணி எந்த இடத்தில் அதை விடாமல் பிடிக்கிறது என்ற மூன்றையும் கையாளப் பழகினால் போதும். உணர்ச்சியைப் பார்ப்பவர் தாமாகவே கண்டுகொள்வார்.

இதற்கு என் முதல் சான்று மார்த்தா கிரஹாம். 1930ல் நியூயார்க்கில் அவர் ஆடிய 'லாமெண்டேஷன்' என்ற தனி நடனத்தின் பொருள் துக்கம். கிட்டத்தட்ட முழு நடனத்தையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆடினார். இழுபடும் பின்னல் துணியால் ஆன ஒரு குழாய் அவர் உடலை மூடியிருந்தது. முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே வெளியே தெரிந்தன. உள்ளேயிருந்து முழங்கையும் முழங்காலும் தள்ளத் தள்ள, துணி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நீண்ட கோடுகளாக இழுபட்டது. அந்த நடனத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். துக்கத்தைச் சுமப்பவை அந்தக் கோடுகள்தான்.

காற்றைத் தொடுவதற்கு முன்னால் இதே துணிக்குழாய்க்குள் நீங்களும் ஒருமுறை நுழைந்து வர வேண்டும். திருப்பூர் பனியன் துணி வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து குழாயாகவேதான் வெளிவருகிறது. பிறகுதான் அதை வெட்டி விரிக்கிறார்கள். வெட்டாத குழாய்த் துணியாகக் கேட்டு வாங்கினால் பக்கத் தையலே வேண்டியதில்லை. 160 முதல் 180 ஜி.எஸ்.எம். கனமுள்ள சிங்கிள் ஜெர்சி போதும். கொஞ்சம் லைக்ரா கலந்திருந்தால் இழுத்த துணி நன்றாகத் திரும்பும். எடைக்கு விற்கும் துண்டுத் துணிக் கடைகளில் இரண்டு மீட்டர் நீளம் கிடைப்பது கஷ்டமில்லை. குழாய் உங்கள் தோள் சுற்றளவைவிட ஒரு சாண் அதிகமாக இருக்கட்டும். ரொம்பத் தொளதொளப்பாக இருந்தால் துணி தடுக்காது. தடுக்காத துணி எதையும் சொல்லாது.

உள்ளே உட்கார்ந்து ஒரு கையை மெல்ல நீட்டுங்கள், நீட்டியபடி நிறுத்துங்கள், பிறகு துணி இழுக்கிற போக்குக்குக் கையை விட்டுவிடுங்கள். யாரையாவது கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லி, பிறகு ஒலியில்லாமல் போட்டுப் பாருங்கள். நீட்டும் அசைவைவிடத் திரும்பும் அசைவு கனமாக இருப்பதைக் கவனிப்பீர்கள். இந்தத் திரும்பல்தான் நமது மூலதனம். பின்னால் காற்றைக்கொண்டு செய்யப்போவதெல்லாம் இதைத்தான்.

துணியின் இழுவிசையை இன்னொரு விதமாகக் காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் செங்கா நெங்குடி. 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய அவருடைய 'ஆர்.எஸ்.வி.பி.' வரிசைக்கு மூலப்பொருள் பெண்கள் அணிந்து பழசான நைலான் காலுறைகளும் மணலும். காலுறையைச் சுவரில் அறைந்து இழுத்து முடிச்சுப் போட்டு, நுனியில் மணலை நிரப்பித் தொங்கவிட்டார். கருவுற்ற உடல் விரிந்து மீள்வதைத் தாமே அனுபவித்த பிறகு செய்த வேலை அது. அவர் தோழி மாரன் ஹாசிங்கர் அந்தக் காலுறைகளுக்குள் கைகால்களை நுழைத்து, அவற்றோடு மல்லுக்கட்டி ஆடினார். ஒரு பிடி மணல் ஒரு துணியை எப்படிக் களைப்படைந்த உடலாக்குகிறது என்பதை நெங்குடியிடம்தான் கற்க வேண்டும். பழைய காலுறை ஒன்றில் இருநூறு கிராம் மணலைப் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

இனிக் காற்று. ஒரு பிளாஸ்டிக் பையைக் காற்று நிரப்பி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மூலையைக் கொஞ்சம் உள்ளே அமுக்கி, அங்கே ஒரு கூழாங்கல்லை வையுங்கள். பையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்து மெல்ல அழுத்தினால் கல் மேலே வரும். தளர்த்தினால் கீழே இறங்கும். பிரேசில் கலைஞர் லிஜியா கிளார்க் 1966ல் செய்த 'கல்லும் காற்றும்' என்ற படைப்பு இவ்வளவுதான். அதைப் பார்ப்பதற்கென்று அவர் செய்யவில்லை, பிடிப்பதற்கென்று செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூச்சோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். கையில் இருப்பது உயிருள்ள ஏதோ ஒன்று என்று உடம்பு நம்பிவிடும். இந்த வேலையை ஏன் செய்கிறோம் என்பதற்கு இதைவிட மலிவான விளக்கம் எனக்குத் தெரியாது. மாணவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறேன்.

துணியும் தையலும்

காற்று ஏற்றும் துணிக்கு இரண்டு குணம் வேண்டும்: எடை குறைவாக இருக்க வேண்டும், காற்றை எளிதில் விடக் கூடாது. சதுர மீட்டருக்கு 40 கிராம் அளவுள்ள ரிப்ஸ்டாப் நைலான் இதற்கு மிகப் பொருத்தம். கட்டம் கட்டமாகத் தெரியும் தடித்த இழைகள் கிழிசலை அங்கேயே நிறுத்திவிடும். அது கிடைக்காத ஊரில் குடைத்துணி வாங்குங்கள். துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள்; மறுபக்கம் உள்ளங்கையில் காற்று தெரியாவிட்டால் வாங்கலாம். வெறும் பாலிதீன் ஷீட்டும் டேப்பும் மேசை விசிறியும் வைத்தே பெரிய அறைகளை ஊதி எழுப்ப முடியும். சான் பிரான்சிஸ்கோவின் 'ஆண்ட் ஃபார்ம்' குழு 1970களின் தொடக்கத்தில் அப்படிச் செய்து காட்டி, செய்முறையை 'இன்ஃப்ளேட்டோகுக்புக்' என்ற பெயரில் புத்தகமாகவும் போட்டது. வடிவத்தைச் சோதிக்கப் பாலிதீன் நல்லது. ஆனால் அது சலசலக்கும், மடிப்பில் வெளுக்கும், மூச்சின் நிதானம் அதில் வராது. முடிவான வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நைலானை வெட்டினால் ஓரம் பிசிறும். சூடான சால்டரிங் அயர்னின் நுனியால் வெட்டினால் ஓரம் உருகி அடைபட்டுவிடும். இதைச் சன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள். புகையைச் சுவாசிக்க வேண்டாம். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மூடாது, கிளிப் போடுங்கள். மெல்லிய ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர் அளவு. அதைவிட நெருக்கமாகத் தைத்தால் ஊசி ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்து துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். நீளவாட்டுத் தையல்களை ஜீன்ஸ் காலில் இருப்பதுபோல் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டையாக ஓட்டுங்கள். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி, ஓவர்லாக் தையல்.

நீளவாட்டுத் தையலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அக்கறை? காற்று நிரம்பிய குழாயில் சுற்றளவு வழியாக இழுக்கும் விசை, நீளவாட்டில் இழுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு. அந்த விசை முழுவதும் நீளவாட்டுத் தையலைப் பிரிக்கத்தான் பார்க்கும். அதோடு, அந்த விசை உள்ளழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. ஒரே காற்று, ஒரே அழுத்தம் என்றாலும் பருத்த வயிற்றின் தையல் மெலிந்த கையின் தையலைவிட அதிகமாக இழுபடும். உருவம் எங்கே பருக்கிறதோ அங்கே தையலைப் பலப்படுத்துங்கள்.

இரட்டைத் தோல் உருவம்

இந்த அத்தியாயத்தின் முக்கிய வேலை இது. ஆள் உயர உருவம் ஒன்று: உயரம் 180 செ.மீ., வயிற்றின் விட்டம் 60 செ.மீ., கழுத்து 20 செ.மீ., அதன்மேல் 35 செ.மீ. விட்டத்தில் ஒரு தலை. கையும் காலும் வேண்டாம்.

காற்றடைத்த நைலானை அப்படியே நிறுத்தினால் அது விறைப்பாக நிற்கும். விசிறியை நிறுத்தினால் சோர்ந்து, அரைகுறையாகத் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் நடக்காது. அந்த மெல்லிய துணியின் எடைக்குக் காற்றை வெளியே தள்ளும் பலம் கிடையாது என்பதுதான் காரணம். ஆகவே இரண்டு தோல்: உள்ளே காற்றைப் பிடிக்கும் நைலான் பை, வெளியே அதை எப்போதும் அணைத்து அழுத்தும் பனியன் துணி. கால்பந்தின் பிளாடரும் மேல்தோலும் போலத்தான். காற்றைப் பிடிப்பது ஒன்று, இழுவிசையைத் தாங்குவது இன்னொன்று. விசிறியின் வேகம் குறைந்ததும் பனியன் துணி சுருங்கி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். துணிக்குழாய்க்குள் உங்கள் கை உணர்ந்த அதே திரும்பல்.

அளவு எடுப்பது எளிது. முன், பின் என இரண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு உயரத்திலும் வேண்டிய விட்டத்தை 1.57ஆல் பெருக்குங்கள்; அதுதான் ஒரு துண்டின் அகலம். 60 செ.மீ. வயிற்றுக்கு 94, 20 செ.மீ. கழுத்துக்கு 31. இரண்டு துண்டில் வளைவுகள் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் வயதையும் களைப்பையும் தருவதால் பல சமயம் நான் அதை வேண்டுமென்றே விடுகிறேன். வழுவழுப்பு வேண்டுமென்றால் நான்கு துண்டாக்கி 0.785ஆல் பெருக்குங்கள்.

வெளித்தோலை இந்தக் கணக்கைவிடப் பத்து விழுக்காடு சிறிதாகவும், உள்பையைப் பத்து விழுக்காடு பெரிதாகவும் வெட்டுங்கள். வயிற்றுப் பகுதியில் வெளித்தோலின் மொத்தச் சுற்றளவு 170 செ.மீ., உள்பை 207 செ.மீ. அருகில் வரும். உள்பை பெரிதாக இருந்தால்தான் அதன் தையலில் இழுவிசை விழாது. பனியன் துணி ஒவ்வொரு லாட்டிலும் வேறு மாதிரி இழுபடும் என்பதால் வெளித்தோலை முதலில் தளர்வான தையலில் ஓட்டி, ஊதிப் பார்த்து, பிறகு உறுதியாக்குங்கள். தையல் கடையில் கொடுத்துச் செய்தாலும் இந்தச் சோதனை ஊதலுக்கு நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அடித்தளம் 60 செ.மீ. வட்டப் பிளைவுட். நடுவில் ப்ளோயர் குழாய்க்கு ஓட்டை. உள்பையின் வாயை அந்தக் குழாயில் வளையக் கிளாம்பால் இறுக்குங்கள். வெளித்தோலின் கீழ் ஓரத்தில் எலாஸ்டிக் நாடா கோத்துப் பலகைக்கு அடியில் மாட்டுங்கள். பலகை மேல் இரண்டு செங்கல்.

ப்ளோயர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இறக்கை நேராகச் சுழலும் விசிறி நிறையக் காற்றைத் தரும், ஆனால் எதிர்ப்பு வந்தால் திணறும். நத்தைக்கூடு போன்ற உறைக்குள் சுழலும் சென்ட்ரிஃபியூகல் ப்ளோயர்தான் அழுத்தம் தரும். நம் உருவத்துக்கு 12 வோல்ட் டி.சி. ப்ளோயரும் அதற்கான ஸ்பீடு கன்ட்ரோலரும் போதும். ஜம்பிங் பலூன் வாடகைக்கு விடுபவர்களிடம் இருக்கும் பெரிய ஏ.சி. ப்ளோயர் இதற்கு மிக அதிகம். அதை விளக்கு டிம்மரில் கோத்து வேகம் குறைக்கப் பார்க்காதீர்கள், மோட்டார் எரியும். பெரிய ப்ளோயர்தான் கையில் இருக்கிறது என்றால் காற்று வழியில் ஒரு தடுப்புப் பலகை வைத்துத் திறந்து மூடுங்கள்.

உள்ளழுத்தத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. மீன்தொட்டி ட்யூப் ஒரு மீட்டர் எடுத்து யூ வடிவில் அட்டையில் ஒட்டி, பாதிவரை நிறத்தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை உருவத்துக்குள் செருகினால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஏறி இறங்கும். மட்ட வித்தியாசம் 10 மில்லிமீட்டர் என்றால் அழுத்தம் கிட்டத்தட்ட 100 பாஸ்கல். அந்த அழுத்தத்தில் நம் உருவத்தின் வயிற்றுத் துணியை ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசை இழுத்துக்கொண்டிருக்கும். பனியன் துணி அதை வலியில்லாமல் தாங்கும்.

மூச்சு

ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அதே வேகத்தில் உருவத்தை முழுதாக நிரப்பி முழுதாகக் காலி செய்ய நினைத்தால் முடியாது. தலையையும் சேர்த்து அதன் கொள்ளளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கன மீட்டர், அதாவது 330 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் தரும் ப்ளோயருக்கே அதை நிரப்ப இருபது விநாடி ஆகும். மூச்சு விடும்போது நம் உடம்பும் முழுதாகக் காலியாவதில்லை, நெஞ்சு கொஞ்சம்தான் அசைகிறது. அதனால் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஏறி இறங்கினால் போதும். 33 லிட்டர் ஏற இரண்டு விநாடி, இறங்க மூன்று விநாடி. உருவத்தின் முதுகுப் பக்கம் தையலில் விரல் நுழையும் அளவு இரண்டு மூன்று ஓட்டை விட்டு, வெல்க்ரோ மூடி வையுங்கள். எத்தனை மூடியைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வெளிமூச்சின் நீளம் மாறும். தையல் வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்தால் கவலைப்படாதீர்கள், அதுவும் வெளிமூச்சுக்கு உதவும்.

அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்பீடு கன்ட்ரோலரின் திருகைக் கையால் திருப்பி, உங்கள் மூச்சோடு சேர்த்து உருவத்தை மூச்சுவிட வையுங்கள். பிறகு கலங்கிப் போயிருக்கும்போது எப்படி மூச்சு விடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு திருப்புங்கள். கை தானாகவே வேறு மாதிரி திரும்பும். அந்தத் திருப்பலைப் படம் பிடித்து, விநாடிகளைக் குறித்து, அதைத்தான் பிறகு நிரலாக எழுத வேண்டும். கணினியில் உட்கார்ந்து யோசித்து எழுதிய மூச்சில் எப்போதும் எந்திரம் தெரிகிறது. கையிலிருந்து வந்த மூச்சில் சின்னத் தயக்கங்கள் இருக்கும், அவற்றை நிரலில் நேராக்கிவிடாதீர்கள்.

எந்த உணர்ச்சியிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்து பாருங்கள். எட்டு மெய்ப்பாடுகளை அது வகுத்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது. உடம்பில் வெளிப்படுவதை வைத்து உணர்ச்சியை அறிவது என்ற அதன் அணுகுமுறை நம் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். முதலில் பெருமிதம், அச்சம், அழுகை என்ற மூன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

பெருமிதம் சுலபம். மெதுவாக ஏறி, முழு அழுத்தத்தில் நின்று, அவசரமில்லாமல் இறங்கினால் போதும். அச்சத்துக்கு அழுத்தத்தைக் குறையுங்கள், பாதிக்கும் கீழே. இறுகிய தோல் நடுங்காது, தளர்ந்த தோல்தான் நடுங்கும். அரை விநாடிக்கும் குறைவான சிறு சிறு உந்தல்கள் கொடுங்கள். நடுவில் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அந்த நிறுத்தத்தில்தான் பார்ப்பவர் ஒரு அடி பின்வாங்குவார்.

அழுகைக்குக் கழுத்து வேண்டும்.

காற்று நிரம்பிய குழாய் வளைவதை எவ்வளவு தாங்கும் என்பது ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது: விட்டத்தைப் பாதியாக்கினால் தாங்கும் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே உடம்பு உறுதியாக நிற்கும்போதே கழுத்தை மட்டும் தளரவைக்க முடியும். 100 பாஸ்கல் அழுத்தத்தில் 20 செ.மீ. விட்டக் கழுத்து, நடுவிலிருந்து 15 செ.மீ. முன்னால் தள்ளி வைத்த 200 கிராம் எடையை ஏறத்தாழத் தாங்கும் எல்லையில் இருக்கும். தலைத் துணியின் எடையும் சேரும் என்பதால் 150 கிராமில் தொடங்குங்கள். தலையின் முன்பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை தைத்து, அதில் மணலை முடிந்து வையுங்கள். இப்போது 130 பாஸ்கலில் தலை நிமிர்ந்திருக்கும். 80க்கு இறக்கினால் கழுத்தில் ஒரு மடிப்பு விழுந்து தலை முன்னே சாயும். மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்: கழுத்தின் முன்புறம், நீங்கள் தேர்ந்த உயரத்தில், வெளித்தோலில் விரற்கடை அளவு குறுக்கே ஒரு டக் பிடித்துத் தையுங்கள். துணி எப்போதும் அந்த இடத்திலேயே மடியும்.

இதோடு விட்டால் தலை குனிந்த பொம்மைதான் கிடைக்கும். குனிந்த பிறகு அழுத்தத்தை மறுபடி மெல்ல ஏற்றுங்கள். தலை கொஞ்சம் எழும், 100ஐத் தொடும்முன் விட்டுவிடுங்கள். மறுபடி சாயும். எழ முயன்று முடியாமல் போவதை இரண்டு முறை காட்டிவிட்டு, மூன்றாம் முறை முழுதாக நிமிரவிடுங்கள், அல்லது முயற்சியே இல்லாமல் நெடுநேரம் மூச்சு மட்டும் விடவிடுங்கள். இரண்டும் வேறு வேறு கதை. எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பதை இந்த இடத்தில் முடிவு செய்யுங்கள்; பெரும்பாலான வேலைகள் இங்கே எதையும் முடிவு செய்யாததால்தான் அலங்காரமாகப் போய்விடுகின்றன.

ப்ளோயர் இரைச்சலை மறக்க வேண்டாம். அழும் உருவத்துக்கு அடியில் மோட்டார் ஊளையிட்டால் எல்லாம் கெடும். சமையலறைச் சிம்னிக்குப் போடும் மடங்கும் குழாயில் மூன்று நான்கு மீட்டர் தள்ளி ப்ளோயரை வைத்து, பெட்டியில் மூடி, பெட்டிக்குக் காற்று வர வழி விடுங்கள்.

திறந்த நுனி

மூடிய உருவம் மூச்சு விடும். நுனி திறந்த உருவம் ஆடும். கார் ஷோரூம் வாசலில் துள்ளும் குழாய் மனிதனைப் பார்த்திருப்பீர்கள். விளம்பரப் பொருளாக அது பிறக்கவில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காக டிரினிடாட் கார்னிவல் கலைஞர் பீட்டர் மின்ஷலும், காற்றுக்குழாய்களில் வேலை செய்துவந்த இஸ்ரேலியக் கலைஞர் டோரன் கஸிட்டும் சேர்ந்து உருவாக்கியது. மின்ஷல் தம் வாழ்நாள் முழுதும் யோசித்துவந்தது கார்னிவலில் ஆடும் உடலை எப்படிப் பெரிதாக்கிக் காட்டுவது என்பதைத்தான். அந்தக் கார்னிவல் உடலின் இடுப்பசைவுதான் இன்றும் அந்தக் குழாயில் ஆடுகிறது.

அதன் இயக்கம் எளிது. மேல்நுனி வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளழுத்தம் குறைவு. எடை தாங்காமல் ஓரிடத்தில் மடியும். மடிப்பு வழியை அடைக்கும்; அடைபட்ட இடத்துக்குக் கீழே அழுத்தம் சேர்ந்து மடிப்பை உதறி நிமிர்த்தும்; நிமிர்ந்ததும் காற்று ஓடிவிடும், மறுபடி மடியும். ஆகவே நுனித் திறப்பின் அளவுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. சின்னத் திறப்பில் குழாய் விறைத்து நின்று நுனியை மட்டும் ஆட்டும். பெரிய திறப்பில் எழவே சிரமப்படும். நுனியில் ஒரு சுருக்குக் கயிறு கோத்துவிட்டால் ஒரே குழாயை வெவ்வேறு மனநிலைக்கு மாற்றலாம். ஆரம்பத்தில் 25 செ.மீ. விட்டம், மூன்று மீட்டர் நீளம், நேர்க் குழாய். இதற்கு ஏ.சி. ப்ளோயர்தான் வேண்டும்.

கட்டுப்பாட்டை முழுதாக விட்டுவிடுவதும் ஒரு வழி. ஆண்டி வார்ஹோல் 1966ல் நியூயார்க்கின் லியோ காஸ்டெலி கேலரியில் ஹீலியம் கலந்த வெள்ளித் தலையணைகளை மிதக்கவிட்டார். அவற்றைச் சாத்தியமாக்கியவர் பெல் ஆய்வகத்தின் பொறியாளர் பில்லி க்ளூவர். 1968ல் மெர்ஸ் கன்னிங்ஹாம் தம் 'ரெயின்ஃபாரஸ்ட்' நடனத்தில் அந்தத் தலையணைகளை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆடுபவர் உடம்பு கிளப்பும் காற்றிலேயே அவை நகர்ந்தன. எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடனக்காரர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்த வழியை அவசியம் முயல வேண்டும். ஹீலியம் விலை அதிகம்; அதை வேடிக்கைக்காக மூக்கிலோ வாயிலோ இழுக்க யாரையும் விடாதீர்கள், ஆக்சிஜன் இல்லாமல் மயங்கி உயிரே போகலாம்.

வெளியில் வைக்கும்போது

மோட்டார் இல்லாமல், வீசும் காற்றை மட்டும் நம்பிச் செய்யும் வேலைகளும் உண்டு. அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மன் 1997ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் இந்தியாவுக்கு ஓவியக் கண்காட்சி வைக்க வந்தார். அவருடைய வண்ணங்கள் மாமல்லபுரத்துக்கு வந்து சேரவில்லை. கடற்கரையில் மீனவர்கள் குவித்து வைத்திருந்த வலைகளைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்தே தம் முதல் வலைச் சிற்பங்களைச் செய்தார். இன்று உலக நகரங்களின் வானில் அவர் கட்டும் பிரம்மாண்டமான வலைகளுக்குத் தொடக்கம் அங்கேதான். அசையும் துணிக்கு நம் ஊரிலேயே வேறொரு பாடமும் இருக்கிறது: கோயில் தேரில் தொங்கும் தொம்பைகள். மேலே கட்டி, கீழே விட்ட துணிக்குழாய் தேரின் ஒவ்வொரு உலுக்கலுக்கும் சற்றுத் தாமதித்து ஆடுவதைத் தேரோட்டத்தில் நின்று பாருங்கள். அந்தத் தாமதத்தை விநாடிக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றடைத்த உருவத்தை வெளியே வைத்தால் எதிரி பலத்த காற்று. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று சுமார் 60 பாஸ்கல் அழுத்தத்தோடு தள்ளும்; நம் உருவத்தின் மேல் அது ஆறேழு கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இரண்டு செங்கல் போதாது: நான்கு பக்கமும் கயிறு கட்டி மணல் மூட்டையில் முடியுங்கள். உள்ளழுத்தம் காற்றின் தள்ளலைவிடக் குறைந்தால் உருவம் குழியும். பெருங்காற்று வரும்போல் இருந்தால் தயங்காமல் இறக்கிவிடுங்கள். மழையில் மின் இணைப்பைக் கழற்றுங்கள்; வெளி இணைப்பு எல்லாமே கசிவுத் தடுப்பு சுவிட்ச் வழியாக மட்டும். குழந்தைகள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிதாகச் செய்தால் இரண்டு வாசல், எப்போதும் பக்கத்தில் ஒரு பெரியவர். பாலிதீன் சோதனை உருவங்களைக் குழந்தைகளிடம் தனியாக விடவே கூடாது.

வேலை முடிந்ததும் துணியை நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஈரத்தோடு மடித்த பனியன் துணியில் பூஞ்சை கரும்புள்ளி போடும், அது போகாது.

பெயர் வைக்கும் முன்

1944ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறிய படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினார்கள். கண்ணும் இல்லை, வாயும் இல்லை. பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த வடிவங்களை உயிருள்ளவையாகவே விவரித்தார்கள்: ஒன்று துரத்துகிறது, ஒன்று பயப்படுகிறது, ஒன்று தப்பிக்கிறது. உங்கள் உருவத்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். தலைப்பு எழுதாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். இந்த வேலையோடு சம்பந்தமே இல்லாத நாலைந்து பேரைத் தனித்தனியாக அழைத்து, சில நிமிடம் பார்க்க வைத்து, "இது என்ன செய்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதனால் பயனில்லை.

அவர்கள் சொல்லும் வினைச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிறது, கெஞ்சுகிறது, தூங்கப்போகிறது, யாரையோ தேடுகிறது. சொற்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் அசைவு பேசுகிறது என்று பொருள். சிதறிக் கிடந்தால் துணியைத் தொடாதீர்கள், தையலைப் பிரிக்காதீர்கள். நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: வெளிமூச்சை ஒரு விநாடி நீட்டிப் பாருங்கள், தலை சாய்ந்தபின் வரும் நிறுத்தத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள், இன்னொருவரைக் கூப்பிட்டு மறுபடி கேளுங்கள். நேரத்தை எல்லா விதத்திலும் மாற்றிப் பார்த்தும் சொற்கள் நெருங்கி வரவில்லை என்றால் மட்டும் கழுத்தின் டக்கைப் பிரித்து இரண்டு விரற்கடை மேலே தையுங்கள்.